வடகவுஞ்சி நேயர்

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் கொடைக்கானலில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார் என்றால் அவருக்குக் கால் உடைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதலாளியோடு சண்டை போட்டு வேலையை விட்டிருக்க வேண்டும். மற்றபடி ஊரே ஓடிக்கொண்டிருக்கும். காட்டேஜில் பெட்ஷீட் மாற்றுகிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், ஏரிக்கரையில் குதிரை பிடிக்கிறவர்கள், மக்காச்சோளம் சுடுகிறவர்கள், சாக்லேட் கடையில் எடை போடுகிறவர்கள், எல்லோருக்கும் அன்றைக்குத்தான் மூச்சுவிட நேரமிருக்காது. உலகத்துக்கெல்லாம் லீவு என்றால் கொடைக்கானலுக்கு ஓவர்டைம். அங்கே பிறந்த எவருக்கும் இது தெரியும். தன் அண்ணன் ஒலியுல்லாவுக்கு மட்டும் இது மண்டையில் ஏறவில்லை என்றுதான் ரோஷன் பேகம் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னே என்ன? லீவு நாளில் வீட்டில் ஆளே இல்லாத ஊரில், லீவு நாளில் மட்டும் ஒளிபரப்பாகும் ஒரு தொடரை வேறு எவர் எடுப்பார்?

ஒலியுல்லா நாயுடுபுரத்தில் ஓ.கே. கேபிள் விஷன் நடத்துகிறார். மாடிதான் கண்ட்ரோல் ரூம், மாடிதான் ஸ்டுடியோ, மாடிதான் அவருடைய படுக்கையும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேபிள் வயரையே கட்டிக்கொண்டார் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். கீழ்வீட்டில் ரோஷன் பேகம் இருந்தாள். அவளுடைய புருஷன் ஷபீர் பஜாரில் தைல எண்ணெய்க்கடை வைத்திருந்தவர். அவர் மவுத்தான பிறகு, மகள் சமீஹாவையும் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்ட பிறகு, அண்ணன் வீட்டுக் கீழ்ப்பகுதிக்கு வந்துவிட்டாள். மேலே அவர், கீழே அவள். நடுவில் ஒரு மாடிப்படி. சோறு மேலே போகும், காலித்தட்டு கீழே வரும்.

அந்த சேனலில் என்ன வரும் என்று கேட்டால், காணாமல் போன ஆதார் கார்டு வரும், கோயில் சப்பரம் வரும், சர்ச் தேர்பவனி வரும், சந்தனக்கூடு வரும், இரங்கல் செய்தி வரும். லீவு நாளில் ‘லீவு வீரன்’ வரும்.

கதை இதுதான். ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் விடும் ஒருவனுக்கு அரசு விடுமுறை நாட்களில் மட்டும் அசுர பலம் வந்துவிடும். மற்ற நாளில் ஒரு சைக்கிளைத் தூக்கி நிறுத்தக்கூட அவனால் ஆகாது. விடுமுறை விடிந்ததும் சிவப்பு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, கிரிக்கெட் ஆடுகிறவர்கள் காலில் கட்டும் பட்டையைக் கட்டிக்கொண்டு, பைக் ஹெல்மெட்டோடு கிளம்பிவிடுவான். பறக்க மாட்டான். பறக்க வைக்க ஒலியுல்லாவிடம் வசதி இல்லை. ஆனால் எவ்வளவு பெரிய டிராஃபிக் ஜாமிலும் வண்டிகளுக்கு நடுவே புகுந்து எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவான். கொடைக்கானலில் லீவு நாளில் ரோட்டைப் பார்த்தவர்கள் அதைச் சின்ன சக்தி என்று சொல்ல மாட்டார்கள். பொங்கலுக்குப் பிரேக் பிடிக்காத வேனை நிறுத்தினான். குடியரசு தினத்தன்று ஒரு குரங்கிடமிருந்து குழந்தையின் பால் பாட்டிலை மீட்டான். மே தினத்துக்குப் பிளாஸ்டிக் ராட்சசனோடு சண்டை போட்டான். ராட்சசனாக நடித்தது ஒலியுல்லாவே. உடம்பு முழுக்கக் கவரைச் சுற்றிக்கொண்டு விழுந்து புரண்டதில் ஒரு வாரம் அரிப்பு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு, மலைப்பாதையில் ஜாமில் மாட்டிக்கொண்ட கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்கு ஓடினான்.

வீரனாக நடிக்கும் காளீஸ்வரன் வில்பட்டிக்காரன். முன்பு ஒலியுல்லாவிடம் கேபிள் வேலை பார்த்தவன், இப்போது டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான். படத்தைச் சும்மா கிடக்கிற நாளில் எடுத்துவிடுவார்கள். ஒளிபரப்பாகிற நாளில் அவன் எந்தக் கொண்டை ஊசி வளைவில் நிற்பான் என்று அவனுக்கே தெரியாது.

படம் முடிந்ததும் ‘நேயர் நேரம்’ என்று ஒன்று உண்டு. நேரலை. ஒலியுல்லா சட்டை மாற்றிக்கொண்டு காமிரா முன்னால் உட்காருவார். பக்கத்தில் ஒரு பழைய தரைவழி போன். பார்த்தவர்கள் கூப்பிட்டுக் கருத்துச் சொல்லலாம்.

முதன்முதலாக நேயர் நேரம் நடந்தது ஒரு பெருநாள் அன்று. ஷபீர் போய், வெளியே வராமல் இருக்கும் இத்தாக் காலமும் முடிந்து, ரோஷன் பேகம் கீழ்வீட்டுக்கு வந்திருந்த புதிது. பிரியாணியை மேலே அனுப்பிவிட்டு அடுப்படியில் டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார். போன் அடிக்கவில்லை. தண்ணீர் குடித்தார். சிரித்தார். ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்த்து வைத்தார். மறுபடியும் சிரித்தார். பெற்ற தாய்கூடப் பார்க்கச் சகிக்காத சிரிப்பு அது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு தன் செல்லிலிருந்து அந்த நம்பரைப் போட்டுவிட்டாள்.

“ஹலோ, வணக்கம், யாரு பேசுறீங்க?” அண்ணனின் குரல் நடுங்கியது.

“நான் பாப்பம்மா பேசுறேன், வடகவுஞ்சிலருந்து. ஏம் பாயி, ஒங்க வீரனுக்குத் தலையில புண்ணா?”

“புண்ணெல்லாம் இல்லீங்களேம்மா. ஏன் கேக்குறீங்க?”

“பெறகு எதுக்கு அந்தக் குல்லாயக் கழட்டவே மாட்டேங்கான்? சோறு திங்கைலகூட மாட்டிக்கிட்டே இருக்கான். பாக்க நல்லாவா இருக்கு?”

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று ரோஷன் பேகத்துக்கே தெரியாது. கொஞ்சம் கரகரப்பு, நிறைய அதிகாரம். அவள் வாழ்நாளில் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. வில்பட்டி என்று சொன்னால் அண்ணன் யார் மகள், எந்தத் தெரு என்று நோண்டுவார். வில்பட்டிக்காரர்கள் தினமும் டவுனுக்கு வந்து போகிறவர்கள். அதனால்தான் பழனி ரோட்டில் தள்ளியிருக்கும் வடகவுஞ்சியைப் பிடித்தாள். தன் புத்திசாலித்தனத்தை அப்போது தானே மெச்சிக்கொண்டாள்.

அடுத்த படத்தில் வீரன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

அன்றிலிருந்து பாப்பம்மாவுக்கு ஓய்வில்லை. குடியரசு தினப் படத்தைப் பார்த்துவிட்டு, “கொரங்கு நல்லா நடிச்சிருக்கு, மத்தவுக சுமாரு” என்றாள். ராட்சசன் சாகும்போது சிரித்துவிட்டான் என்று ஒரு முறை சண்டை பிடித்தாள். “வீரனுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா லீவு நாள்ல இப்படி ஊர் சுத்த விடுவாளா?” என்று இன்னொரு நாள் கேட்டாள். ஒருமுறை மாறுதலுக்கு ரோஷன் பேகம் காலேஜ் படிக்கும் பெண்ணாகப் பேசிப் பார்த்தாள். அண்ணன் ரொம்பச் சுருக்கமாக நன்றி சொல்லி வைத்துவிட்டார். அவருக்கு வேண்டியது பாப்பம்மாதான்.

சாப்பிடும்போதும் அதே பேச்சு. “இந்தத் தடவ பாப்பம்மா என்ன சொல்லுமோ” என்பார், தட்டைப் பார்த்துக்கொண்டே. குழம்பில் உப்பு சரியா என்று ஒரு வார்த்தை ரோஷன் பேகத்தை அவர் கேட்டதில்லை. இல்லாத ஒரு மனுஷியின் மேல் அவளுக்குப் பொறாமையே வந்தது. சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் உண்மை அதுதான். ஒரு தீபாவளிக்கு அவள் அந்தப் பாப்பம்மாவின் வாயை வைத்தே கேட்டுவிட்டாள்.

“என்ன பாயி, கன்னமெல்லாம் ஒட்டிப் போய்க் கெடக்கு? வீட்ல சோறு கீறு போடுறாகளா இல்லையா?”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. என் தங்கச்சி அருமையாப் பொங்கும். நாந்தான் ஒழுங்காத் திங்கிறதில்ல.”

அன்றைக்குப் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து அழுதாள்.

இப்படியே வருடங்கள் போயின. ஆரம்பத்தில் இருந்த குஷி போய், காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்தாலே தொண்டை கட்ட ஆரம்பித்தது. பண்டிகை என்றால் வெள்ளனே எழுந்து சமைக்க வேண்டும். சமைத்த கையோடு படத்தை முழுசாகப் பார்க்க வேண்டும், பார்க்காமல் கருத்துச் சொல்ல முடியாதே. பார்த்ததில் திட்டுவதற்கு ஒன்று, பாராட்டுவதற்கு ஒன்று தேட வேண்டும். பாராட்டத்தான் கிடைக்காது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இன்னொருத்தியாக மாற வேண்டும். பேசி முடித்ததும் மூட்டை தூக்கி இறக்கிய மாதிரி உடம்பு வலிக்கும். அவளுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. சலித்துவிட்டது. அப்பட்டமாகச் சொன்னால், லீவு வீரன் ஏதாவது ஒரு பள்ளத்தில் விழுந்து தொலைந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கும் அளவுக்குச் சலித்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சமீஹா போன் செய்தாள். கர்ப்பத்துக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது, ஒத்தையில் முடியவில்லை, வந்துவிடுங்கள் என்றாள். “பெரசவத்துக்கு மட்டும் இல்லம்மா. இங்கயே இருந்துருங்க. அந்தக் குளிர்ல அங்க கெடந்து என்ன செய்யப் போறீக?” மருமகன் ஜாசிமும் போனை வாங்கி அதையே சொன்னான். ரோஷன் பேகம் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன நிமிடம் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. மகளோடு இருக்கப் போகிறோம் என்பதற்காக மட்டும் இல்லை, இனி பாப்பம்மாவாக இருக்க வேண்டாம் என்பதற்காகவும்தான்.

ஆனால் பிரசவம் பார்க்கப் போகிறேன் என்றுதான் அண்ணனிடம் சொல்லியிருந்தாள். திரும்பி வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை பஸ். அதற்கப்புறம் வருகிற பொங்கலைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. அண்ணன் புதுச் சட்டை போட்டு உட்காருவார். போன் அடிக்காது. சிரிப்பார். தண்ணீர் குடிப்பார். ரிசீவரை எடுத்துப் பார்ப்பார். இத்தனை வருடமும் தன் படத்தை ஒருவரும் பார்க்கவில்லை என்று அந்த ஒரு நாளில், காமிராவுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துபோகும். அந்த முகத்தை நினைத்துக்கொண்டு அவளால் திருப்பூரில் ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இன்றைக்குப் பாப்பம்மா பேசும்போதே தொடரை நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். “போதும் பாயி, வீரனுக்கும் வயசாகிருச்சு, கௌரவமா முடிச்சுருங்க” என்று சொல்ல வேண்டும். பாப்பம்மா சொன்னால் கேட்பார். நேயர் கேட்டுக்கொண்டதால் நிறுத்தினேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளவும் அவருக்கு ஒரு காரணம் இருக்கும்.

கிறிஸ்துமஸ் படம் முடிகிற சமயத்தில் அடுப்படிக் கதவைத் தட்டிக்கொண்டு காளீஸ்வரன் வந்து நின்றான். ஸ்வெட்டர், மப்ளர், கையில் ஜீப் சாவி.

“மூஞ்சிக்கல் ரோட்டுல வண்டி அசையவே மாட்டேங்குதுக்கா. டூரிஸ்ட் பார்ட்டி எறங்கி நடந்தே போறோம்னுட்டாக. வண்டிய ஓரமாப் போட்டுட்டு வந்துட்டேன். வெள்ளனே ஒரு டீ குடிச்சதுதான். ஏதாச்சும் இருந்தா வெரசாப் போடுங்க.”

பெரிய தட்டில் பிரியாணி வைத்துக் கொடுத்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவன் டிவியைப் பார்த்தான். சிவப்பு ரெயின்கோட்டுக்காரன் கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தான்.

“இது நானாக்கா? எம்புட்டுக் குண்டாத் தெரியுறேன்!” வாயில் சோறோடு சிரித்தான். “இம்புட்டு நாளா நடிச்சும் இன்னைக்குத்தான் மொத மொதப் பாக்குறேன். லீவு நாள்ல எங்க வீடு தங்குறோம்?”

படம் முடிந்து ஒலியுல்லா திரையில் வந்தார். நீலச் சட்டை. முடியைப் படிய வாரியிருந்தார். வணக்கம் சொல்லி, கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லி, போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். “நம்ம வடகவுஞ்சி நேயர் பாப்பம்மா அம்மா இந்நேரத்துக்கு லைன்ல வந்துருவாங்க. அவங்க கருத்தத்தான் நானும் ஆவலோட எதிர்பாக்குறேன்” என்றார்.

காளீஸ்வரன் எலும்பைக் கடிப்பதை நிறுத்தினான். “வடகவுஞ்சியா? அங்க எப்படிக்கா பாக்குறாக?”

“ஏன், எல்லாரையும் போல டிவிலதான்.”

“நம்ம லைன் அங்க போகலயே. நாந்தான அண்ணங்கூட நின்னு வயர் இழுத்தேன். பெருமாள்மலையோட நின்னுபோச்சு. அங்கிட்டு அம்புட்டும் காடு, கொண்டுபோக முடியல. வடகவுஞ்சில பூராம் டிஷ்ஷு. அதுல நம்ம சேனல் வராது.”

ரோஷன் பேகம் கரண்டியைக் கீழே வைத்தாள். “அது அண்ணனுக்குத் தெரியுமா?”

“என்னக்கா இப்படிக் கேக்குறீக? எந்த ஊட்டு மாடில எந்த வயரு போகுதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவாரே அவரு.” அவன் போன் அடித்தது. பார்ட்டி ஏரிக்கரையில் காத்திருந்தார்கள். கையைக் கழுவி மப்ளரில் துடைத்துக்கொண்டு, பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடினான்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். முதலில் வெட்கம்தான் வந்தது. திருடும்போது விளக்கைப் போட்டது மாதிரி முகமெல்லாம் எரிந்தது. அதற்கடுத்துக் கோபம் வந்தது. அப்படியென்றால் முதல் நாளே தெரியுமா? தெரிந்துகொண்டே இத்தனை வருடமும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாரா? ‘பாப்பம்மா என்ன சொல்லுமோ’ என்று தட்டைப் பார்த்துக்கொண்டே அவளிடமே கேட்டாரா? என் தங்கச்சி அருமையாப் பொங்கும் என்று சொன்னது யாரிடம்? பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றும் இப்போது வேறு மாதிரி இருந்தது.

திரையில் அவர் போனைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தார்.

அவள் நம்பரைப் போட்டாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

“நான் பாப்பம்மா பேசுறேன்.”

“வாங்கம்மா, வாங்க! டிவி சவுண்டக் கொறச்சுக்கங்க. எப்படி இருந்துச்சு இன்னைக்கு? தாத்தாவத் தூக்கிட்டு ஓடுறது ஒரே ஷாட்டுல எடுத்தது, கவனிச்சீங்களா?”

“பாயி, எங்க ஊருக்கு ஒங்க வயரு வரலையாமே.”

மேலே நாற்காலி கிரீச்சிட்டது. “யாரு சொன்னா?” என்றார்.

“வீரனே சொன்னான். இப்பத்தான் பிரியாணி தின்னுட்டுப் போறான்.”

மூக்கால் சிரித்தார். “அவனுக்கு அடுத்த படத்துல சோறு திங்கைலகூட ஹெல்மெட்டக் கழட்ட விடக்கூடாது.”

“மொத நாளே தெரியுமா?” அவளுடைய கரகரப்புப் போய்விட்டது. சொந்தக் குரல்தான் வந்தது. “வடகவுஞ்சின்னு சொன்னதுமே தெரியுமாண்ணே?”

“நீ வாயத் தொறந்ததுமே தெரியும். வடகவுஞ்சின்னதும் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன்.”

“பெறகு ஏன் சொல்லல?”

“சொன்னா நிப்பாட்டிருவ.”

அவரே பேசினார். காமிரா ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் மறந்துவிட்டாரா, மதிக்கவில்லையா என்று தெரியவில்லை.

“மாப்ள மவுத்தானதுலருந்து நீ வாயே தொறக்கலம்மா. சோறு வப்ப, தட்ட எடுப்ப. ரோஷனுன்னு கூப்புட்டா ம்முன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். அதுலயும் நல்ல நாள் பெரிய நாள்னா இன்னும் மோசம். ஊரு பூராம் சோலியப் பாக்கப் போயிரும். நீ ஒத்தையில சன்னலப் பாத்து ஒக்காந்துருப்ப. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. அந்தப் பெருநாளைக்கு, வடகவுஞ்சிக்காரி ஒருத்தி வந்து அந்த வாங்கு வாங்குனா. எம்புட்டு நாளாச்சு இந்தச் சத்தத்தக் கேட்டுன்னு இருந்துச்சு. அடுத்த லீவுக்கும் அவ பேசணுமே, அதுக்குத்தான் அடுத்த படம் எடுத்தேன்.”

“லீவு நாள்ல போட்டா யாரும் பாக்க மாட்டாகன்னு தெரியாதாண்ணே ஒங்களுக்கு?”

“தெரியாமயா கொடைக்கானல்ல இருக்கேன்? தெரிஞ்சுதான் போட்டேன். மொதப் படம் மட்டும் யோசிக்காமப் போட்டது. ஞாயித்துக்கெழம ராத்திரி போட்டா நாலு பேரு பாப்பான். நாலு பேரு போன் பண்ணுவான். ஒனக்கு லைன் கெடைக்காதே.”

ரோஷன் பேகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், எல்லாவற்றையும் விடப் பெரிதாக, ஒரு களைப்பு.

“என்னால முடியலண்ணே” என்றாள். “ரெண்டு மூணு வருசமாவே முடியல. லீவு வந்தாலே பயமா இருக்கு.”

“எனக்கு மட்டும் முடியுதாக்கும்? முதுகு ஒடியுது. கதையெல்லாம் என்னைக்கோ தீந்துபோச்சு. பொங்கலுக்கு என்னத்த எடுக்கன்னு இப்பவே தூக்கம் வரல.”

“பெறகு ஏன் எடுத்தீக?”

“நீ பேசுறியேன்னு எடுத்தேன்.”

“நான் நீங்க எடுக்குறீகளேன்னு பேசுனேன்.”

ஒரே மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, இறக்கினால் மற்றவருக்குச் சங்கடமாகிவிடுமே என்று இருவரும் கை வலிக்க வலிக்க நின்றிருக்கிறார்கள். யாரை நொந்துகொள்வது? வெளியே மூஞ்சிக்கல் பக்கம் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.

“நெசத்தச் சொல்லட்டுமாண்ணே? ஒரு படமும் நல்லா இல்ல.”

“ஒன்னுகூடவா?”

“ஒன்னுகூட.”

“கொரங்கு?”

“கொரங்கு நல்லாருந்துச்சு.”

ஒலியுல்லா வாய்விட்டுச் சிரித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். நேயர் நேரத்தில் அவர் இதுவரை சிரித்ததெல்லாம் ஒரு சிரிப்பே இல்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், விட்டால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது.

“அண்ணே, நாளைக்குத் திருப்பூர் போறேன்ல. பெரசவம் பாத்துட்டு வந்துருவேன்னு சொன்னேன்ல. நான் வரலண்ணே. அங்கயே இருந்துக்கிறேன்னு சமீஹாட்டச் சொல்லிட்டேன்.”

டிவியில் படம் எப்போதும் போனுக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். போனில் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. திரையில் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். இதோ இப்போது கேட்கப் போகிறார், இதோ இப்போது என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த முகத்திலும் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“நல்லதும்மா” என்றார். “பிள்ளையோட இருக்குறதுதான் சரி. நானே சொல்லணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

நினைத்திருக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

“படத்த நிப்பாட்டிருங்கண்ணே.”

“நிப்பாட்டிருவோம். பெறகென்ன.” “நல்ல நாள்ல... அங்கருந்து ஒரு போன் போடுவேல்ல?”

போடுவேன் என்று சொல்லிவிடலாம். அதுதான் சுலபம். ஆனால் அவளுக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது. இனி ஒவ்வொரு பண்டிகைக்கும் திருப்பூரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, அண்ணனுக்குப் பேச வேண்டுமே என்று தொண்டையைச் சரி செய்துகொண்டு உட்கார அவளிடம் தெம்பு இல்லை.

“மாட்டேண்ணே. இத்தன வருசமும் நாந்தான போன் பண்ணேன். இனிமே நீங்க பண்ணுங்க.”

“நானா?” உண்மையாகவே திகைத்துவிட்டார். “நான் என்னத்தப் பேச?”

“எதையாச்சும். குளிருதுன்னு சொல்லுங்க. சோறு நல்லா இல்லன்னு சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்.”

மேலே மேஜை இழுப்பறையைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. மறுபடியும் திறந்து மூடும் சத்தம்.

“ரோஷனு” என்றார். “ஒன் நம்பரு எங்கிட்ட இல்லையேம்மா.”

நிஜம்தான். ஒரே வீடு. வேண்டும் என்றால் மாடிப்படியில் நின்று ஒரு குரல் கொடுப்பார். அந்தப் பழைய போனில் கூப்பிடுகிறவர் நம்பர் தெரியாது. கூடப்பிறந்து, ஒரே கூரைக்குக் கீழே இருந்து, அவர் அவளுக்கு ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை. அவளும் அதை இன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

“சொல்லு, எழுதிக்கிறேன்.”

“டிவிலயாண்ணே? எல்லாருக்கும் கேக்குமே.”

“சொல்லு தாயி. யாரு பாக்குறா?”

அவள் நம்பரை மெதுவாகச் சொன்னாள். அவர் காகிதம் தேடினார், கிடைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நாயுடுபுரம் முழுக்கப் போகும் நேரலையில், காமிராவுக்கு முன்னால் இடது கையை விரித்து உள்ளங்கையில் எழுதினார். எழுதியதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்.

நடுவில் ஒரு எண் தப்பாக இருந்தது. ரோஷன் பேகம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.